வள்ளலுக்கு ஒரு சட்டை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. அப்பாவை அடக்கம் செய்த அன்று வாசலோடு நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனவனுக்கு நானாகக் கடிதம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எழுத வைத்துவிட்டார்கள்.

பூங்காவில் பெரிய டாக்டருக்குச் சிலை வைக்கப் போகிறார்கள். அவர் செத்து இத்தனை வருஷம் கழித்துத் திடீரென்று நினைப்பு வந்திருக்கிறது. என் தையல் கடைக்கு அடுத்தது கல்வெட்டுக்காரர் கடை. இன்று காலை அவர் வாசலில் ஒரு பளிங்குக் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார். ‘இந்நிலத்தை ஊருக்கு மனமுவந்து வழங்கிய வள்ளல்’ என்று அதில் பென்சிலால் வரைந்திருந்தது.

“என்னங்க இது?” என்றேன்.

“ஏன், எழுத்துப் பிழை இருக்கா?” என்றார்.

எழுத்தில் பிழை இல்லை.

நீ அந்த இடத்தை நம் பட்டறையாகப் பார்த்ததில்லை. அப்போது நீ கைக்குழந்தை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு முனையில் சக்கரத்தை அம்மா சுற்றுவாள். அப்பா இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு, திரித்தபடியே பின்னால் பின்னால் நடந்து போவார். கயிறு திரிக்க நீள இடம் வேண்டும். அதனால்தான் நம் நிலம் நீளமாக, ஒல்லியாக இருந்தது. இன்றைக்கு ஊரே தொப்பையைக் குறைக்கக் கைவீசி நடக்கிறதே, அந்தப் பாதைதான் அது. பூங்கா ஏன் இப்படி ஒரு சந்து மாதிரி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

நீ நில ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறாய். அந்த நிலம் முதலிலிருந்து யார் யாருடையதாக இருந்தது என்று எடுத்து எனக்கு அனுப்பு. டாக்டர் எந்த வருஷம் அதற்குச் சொந்தக்காரர் ஆனார், எப்போது மனமுவந்தார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. காப்பகத்தின் ஆவணங்களைப் பொதுமக்கள் உரிய முறையில் விண்ணப்பித்துப் பார்வையிடலாம். ஊழியர்கள் தங்கள் குடும்ப விஷயங்களுக்காக அவற்றை எடுப்பது விதிமீறல். நான் இப்போதுதான் பிரிவுத் தலைவராகியிருக்கிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

அந்த நிலத்தை யாரும் பிடுங்கவில்லை. அப்பாதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வக்கீலைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொந்தப் பட்டறை வைத்திருந்தவர் அப்புறம் சாகும்வரை அடுத்தவன் பட்டறையில் கூலிக்கு நின்றார். ஒற்றை அறையில், அடுப்புப் புகையில் நான் படித்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். “ஏம்ப்பா குடுத்தீங்க?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியாகக் கேட்டபோது அவர் முகத்துக்கு நேராக நான் என்ன சொன்னேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை நான் திரும்பப் பெறவில்லை.

சிலை வைக்கிறவர்கள் வைக்கட்டும். நாம் அதற்குள் தலையை நுழைக்க வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்ட கை இது. பிரிவுத் தலைவர் ஆனால் மூக்கு ஒழுகாதா?

நீ அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். கோழை என்றாய். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ போன பிறகு என்னிடம், “அவன் பஸ் கெடச்சுப் போயிருப்பானா?” என்றுதான் கேட்டார்.

சரி. உன்னிடம் நான் கெஞ்சவில்லை, பந்தயம் கட்டுகிறேன். அந்த நிலத்துக்கு என்றாவது ஒரு நாள் டாக்டர் சொந்தக்காரராக இருந்தார் என்று நீ காட்டிவிட்டால், சிலைக்கு முதல் மாலை நான் போடுகிறேன். உனக்கும் இனி எழுத மாட்டேன். காட்ட முடியாவிட்டால், அதையாவது ஆண்பிள்ளையாக எழுதி அனுப்பு.

அக்கா


மார்ச் 17

அக்கா,

நீ என்னைக் கிளப்பிவிடத்தான் அப்படி எழுதினாய். கிளம்பிவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் பழைய நில அளவைப் படங்கள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. மதிய இடைவேளையில் சாப்பாட்டை விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். கைபட்டாலே விளிம்பு உதிரும் தாள்கள். நம் ஊர்ப் படத்தில் அந்த நிலத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. சதுரம் சதுரமான வயல்களுக்கு நடுவே ஒரு நாடா மாதிரி கிடக்கிறது.

முதல் உரிமையாளர் ஒரு விதவை. அங்கே தோட்டம் போட்டிருந்தாள். கிணறு அவள் வெட்டியது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளிடமிருந்து வாங்கியவர் வாடகைக்குக் குதிரைவண்டி விட்டவர். மோட்டார் பஸ் வந்ததும் அவர் தொழில் படுத்துவிட்டது. அவரிடமிருந்து அப்பா வாங்கினார். அப்பாவிடமிருந்து நகராட்சி எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். நடுவில் வேறு யாரும் இல்லை. டாக்டர் பெயர் உரிமையாளர் என்ற இடத்தில் எங்கும் இல்லை.

அவர் பெயர் வேறோர் இடத்தில் இருக்கிறது. நகராட்சி நிலத்தை எடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், கிணறு கெட்டுவிட்டது, தண்ணீரால் நோய் பரவுகிறது என்பது. அப்படிச் சான்று கொடுத்தவர் டாக்டர். நகராட்சித் தலைவரும் அவரே. அதே வருஷத்துப் படத்தில், நிலத்துக்கு நேர் எதிரே அவருடைய புது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டிருப்பது குறித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நார் ஊறப்போட்டு நாற்றமடிக்கும் குட்டை இருக்கக் கூடாது, மரமும் புல்லும் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நினைத்ததை ஊர்ச் செலவில் முடித்துக்கொண்டிருக்கிறார்.

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். ஆனால் ஒன்று. சம்மதம் என்று அடியில் இருக்கும் கையெழுத்து அப்பாவுடையதுதான். ஆட்சேபனை சொல்ல அவகாசம் இருந்திருக்கிறது. அறிவிப்பு வந்த அந்த வாரமே போய்ப் போட்டுவிட்டார். நான் அன்று சொன்னது சொன்னதுதான்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

அந்தக் கையெழுத்தின் தேதியைப் பார்த்தாயே, உனக்கு எதுவும் உறைக்கவில்லையா? உறைக்காது. உனக்கு அப்போது ஒரு வயது.

இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இத்தனை வருஷம் காப்பாற்றினேன். உன் கடைசி வரியைப் படித்ததும் இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உனக்கு வலிக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். கண் செருகிவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. ஊரில் இருந்த ஒரே டாக்டர் அவர். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வழிவிட்டார்கள். டாக்டர் அறைக்குள் போனோம். அவர் உன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“பையனப் பாக்கலாம். மொதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. நாலு நாளா இதுக்காக ஆள் அனுப்பிட்டிருக்கேன்” என்றார்.

சத்தம் போடவில்லை. மிரட்டவும் இல்லை. கடைக்காரர் சில்லறை கேட்பது மாதிரி கேட்டார்.

“ஐயா, கொழந்தைய மொதல்ல பாருங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்றார் அப்பா.

“நீ நேரத்த வீணாக்கற” என்றார்.

உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாவால் குனிந்து எழுத முடியவில்லை. உன்னை என் கையில் கொடுத்தார். கொதிக்கிற பாத்திரம் மாதிரி இருந்தாய். அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, டாக்டர் உன்னை என்னிடமிருந்து வாங்கினார். அதன் பிறகு நன்றாகத்தான் பார்த்தார். ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் எதற்கு.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார்: “இவன்கிட்ட எப்பவும் சொல்லிடாதே. தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுட்டா, புள்ள தலைய நிமிர்த்தி நடக்க மாட்டான்.”

நீ நன்றாகத் தலை நிமிர்த்தித்தான் நடந்தாய். அவரை மிதித்துக்கொண்டு நடந்தாய்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ நினைத்தது நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள். வலிக்கிறது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு வரவில்லை.

எழுத வருவது வேறு. அந்தச் சான்று, அந்தச் சம்மதத் தாள், அளவைப் படம், எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். விதி கிடக்கட்டும். இதோடு வைத்திருக்கிறேன். அந்தச் சிலை அங்கே நிற்கக் கூடாது. பெரிய டாக்டர் தப்பித்துச் செத்துவிட்டார். மகள் இருக்கிறாளே, சின்ன டாக்டர், பூங்காக் குழுத் தலைவி. அவள் அப்பா எப்படி டாக்டர் தொழில் பார்த்தார் என்று ஊர் முழுக்கத் துண்டறிக்கை ஒட்டுவேன். பத்திரிகைக்கு எழுதுவேன். நான் வந்து ஒரு சம்மட்டியை எடுத்து அந்த மூஞ்சியை உடைத்துவிட்டுப் போலீசில் உட்காருகிறேன். என்ன செய்யலாம் சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

திறப்பு விழா எப்போது?

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

சம்மட்டி வேண்டாம். உடைத்தால் அவருக்கு இன்னொரு சிலை வைப்பார்கள், உனக்கு வழக்கு வைப்பார்கள்.

விழா மே 14. நேற்று சின்ன டாக்டரே என் கடைக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, “மணிக்கட்டு வலி இப்ப எப்படிக்கா இருக்கு?” என்று முதலில் அதைக் கேட்டாள். போன வருஷம் அந்தக் கைக்கு வைத்தியம் பார்த்தவள் அவள்தான். தம்பி, அவள் கெட்டவள் இல்லை. எனக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். சிலையை மூட ஒரு திரைத்துணி தைக்க வேண்டுமாம். பட்டில், சுருக்கு வைத்து, கயிற்றை இழுத்தால் அப்படியே வழுக்கிக் கீழே விழ வேண்டுமாம்.

“அளவு எடுக்கணுமே” என்றேன்.

“வந்து எடுத்துக்கங்க. தோட்டக்காரர்கிட்ட சொல்லிடறேன். மாட்டறதும் நீங்களே மாட்டிடுங்க, மத்தவங்க கசக்கிடுவாங்க” என்றாள்.

போய் அளவெடுத்தேன். இடுப்புவரை உள்ள வெண்கலச் சிலை. கழுத்து, தோள், மார்பு, கை எல்லாம் எடுத்தேன். உயிரோடிருந்தபோது எடுத்திருந்தால்கூட இவ்வளவு அசையாமல் நின்றிருக்க மாட்டார். அப்போதுதான் தோன்றியது. திரை ஒன்று தைக்கிறேன். அதற்கு உள்ளே அவருக்கு ஒரு சட்டையும் தைக்கிறேன். கருப்புத் துணியில் எழுத்து வெட்டி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, முதுகுப் பக்கம் மெழுகு நூலால் உடம்போடு சேர்த்து மூடிவிடுவேன். திரை விழும்போது ஊர் சட்டையைப் படிக்கும்.

‘இது கயிற்றுக்காரர் நிலம்’ என்று போடப் போகிறேன். அப்பா பெயரோடு. மார்பு அகலத்துக்குச் சரியாக வரும்.

அக்கா


மே 3

அக்கா,

இங்கே நான் நகல் எடுத்தது தெரிந்துவிட்டது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ‘ஆம், எடுத்தேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டை நல்ல யோசனை. ஆனால் அப்பா பெயரை மட்டும் போடாதே. தோட்டம் போட்ட அந்த அம்மா, குதிரைவண்டிக்காரர், எல்லோர் பெயரையும் போடு. வரிசையாகப் போடு. அந்த அம்மாவைத் தேடி ஒருவரும் எந்தக் காப்பகத்துக்கும் வரப் போவதில்லை. அவளை விட்டுவிட்டு நாம் நம் பெயரை மட்டும் எழுதினால், டாக்டருக்காக அவர்கள் கல்லில் செய்ததை நாம் துணியில் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, வரிசையாக இருந்தால்தான் அவர் பெயர் இல்லாதது கண்ணில் குத்தும்.

கிணற்றையும் விட்டுவிடாதே. அது இப்போது என்ன ஆயிற்று? மூடிவிட்டார்களா?

காய்ச்சல்காரக் குழந்தையைப் பற்றி எதுவும் எழுதாதே. எனக்காகக் கேட்கிறேன்.

தம்பி


மே 16

தம்பிக்கு,

நீ சொன்னபடி எல்லோரையும் போட்டேன். மார்பில் இடம் போதாமல் வயிற்றுக்கு இறங்கி, கைகளுக்கும் போனேன். கிணற்றை மூடவில்லை, தம்பி. தோட்டக்காரரிடம் கேட்டேன். மேலே இரும்பு மூடி போட்டு மோட்டார் வைத்திருக்கிறார்கள். பூங்காவில் எல்லோரும் குடிக்கும் குழாய்க்கு அதிலிருந்துதான் வருகிறதாம். “ஊர்லயே நல்ல தண்ணி இதான்க்கா” என்றார். அவரைக் கட்டிக்கொள்ளாத குறை.

முந்தின நாள் சாயங்காலம் சட்டையையும் திரையையும் மாட்டினேன். “உள்ள ஒண்ணு எதுக்கு?” என்று தோட்டக்காரர் கேட்டார். “உள்பாவாடை இல்லாம பட்டு நிக்காது” என்றேன். நம்பிவிட்டார்.

நல்ல கூட்டம். தலைமை விருந்தினர் வெயிலில் வந்து இறங்கியதும், அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் ஒரு வெள்ளிக் குவளையில் கொடுத்தார்கள். மடமடவென்று குடித்தார். பெரிய டாக்டரின் தாராள மனத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கயிற்றை இழுத்தார். என் தையலில் குறை சொல்ல முடியாது, திரை எண்ணெய் மாதிரி வழிந்து விழுந்தது. பழக்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் முன்வரிசையில் இருந்து கைதட்டல் நின்றுகொண்டே போனது. யாரோ ஒரு சின்னப் பெண் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள்:

‘இந்த நிலத்தின் சொந்தக்காரர்கள்.’ பிறகு தோட்டம் போட்ட அந்த அம்மாவின் பெயர். குதிரைவண்டிக்காரரின் பெயர். அப்பாவின் பெயர், ‘கயிறு திரித்தவர்’. அதற்குக் கீழே ‘டாக்டர்: ஒரு நாளும் இல்லை’. வலது கையில் ‘கிணறு விஷம் என்று எழுதிய கை’. இடது கையில் ‘அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறீர்கள்’.

விருந்தினர் கையில் குவளை இன்னும் இருந்தது. அவர் அதற்குள் எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. தம்பி, அந்தச் சிரிப்பை அப்பா கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு பேர் ஏறிச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. “கத்தரிக்கோல் இருக்கா யார்கிட்டயாவது?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து, “என்கிட்ட இருக்கு” என்றேன்.

சின்ன டாக்டர் இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நகல்களை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“இந்தக் கையெழுத்து... உங்கப்பா சம்மதிச்சுத்தானே போட்டிருக்கார்?” என்றாள்.

குழந்தையைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதவில்லை. அவளிடம் சொன்னேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, அந்த அறையில் நான் நின்ற இடம் உள்பட. அப்படி நடந்திருக்காது என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தன் அப்பாவைத் தெரிந்தவள் போலிருக்கிறது.

“கொழந்தை?” என்றாள்.

“பொழச்சான். உங்கப்பா நல்லாத்தான் பாத்தார்.”

கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. “வெட்டினா எழுத்து வீணாயிடும். பிரிக்கணும்” என்று ஊசியை மட்டும் கொடுத்தேன். அவள் சிலைக்குப் பின்னால் ஏறி நின்று, மெழுகு நூலை ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுத்துப் பிரித்தாள். விருந்தினர் காரில் ஏறிப் போனார். கூட்டம் போகவில்லை. யாரோ குடை பிடிக்க வந்தார்கள், வேண்டாம் என்றாள். விரலில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு பிரித்தாள். நான் ஒரே இழுப்பில் கழற்றியிருப்பேன். எந்த முடிச்சை அவிழ்த்தால் மொத்தமும் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவமாக இல்லையா என்று கேட்பாய். நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அப்பா தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது, போய்விட்டது.

சட்டையை மடித்து என்னிடம் கொடுத்தாள். “கல்ல எடுத்துடச் சொல்றேன்” என்றாள். சொன்னபடி நேற்று எடுத்துவிட்டார்கள். சிலை நிற்கிறது. பெயர் இல்லாமல் நிற்கிறது.

அக்கா


மே 29

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிரிவுத் தலைவர் பதவி போய்விட்டது. கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள், பழைய படங்களுக்கு ஒட்டுப் போடும் வேலை. வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தால் திரும்ப மேலே வரலாம் என்றார்கள். “இதுக்கு இல்ல, வேற ஒண்ணுக்கு வருத்தம் இருக்கு, அத வாங்கிக்கிறவர் இப்ப இல்ல” என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை.

ஜெயித்துவிட்டோம். ஆனாலும் இங்கே சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டோடு நின்றுவிடுகிறது. அப்பாவை அடக்கம் செய்த இடத்துக்கு வழி எனக்குத் தெரியாது. அன்று வாசலோடு திரும்பியவன்தானே. நான் வரலாமா?

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

வா. வழி காட்டுகிறேன். சோறு போடுகிறேன், பாய் விரித்து வைக்கிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதே.

அக்கா